சிகரெட் தணிப்பது சிகரெட் மூட்டியதை

புகைபிடிப்பது உடம்புக்கு நல்லது என்று இன்று யாரும் வாதாடுவதில்லை. சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படமும் வாசகமும்தான். திரையில் நாயகன் தீக்குச்சியைக் கிழித்ததும் கீழே ஒரு வரி வந்துவிடுகிறது. புகைப்பவரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவரிடம் ஒரு கடைசி வாதம் பத்திரமாக இருக்கிறது: "எல்லாம் சரி சார், இந்த டென்ஷனுக்கு ஒரு தம் போட்டாத்தான் ஆகுது." இதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் அடங்கிவிடுகிறார். மனைவி அடங்குகிறார், நண்பர் அடங்குகிறார், பல சமயம் மருத்துவரும் அடங்குகிறார். "பொண்ணு கல்யாணம் முடியட்டும், கொஞ்சம் ஃப்ரீ ஆனதும் விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களை நம் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை அந்த அடங்குதலுக்கு எதிரானது. உடம்புக்குக் கெடுதி, மனசுக்கு ஆறுதல் என்று ஒரு கணக்கை நாம் எல்லோரும் ஏற்று வைத்திருக்கிறோம். அதன் முதல் பாதியை உலகமே சரிபார்த்துவிட்டது. இரண்டாம் பாதியை யாரும் சரிபார்க்கச் சொல்லிக் கேட்பதில்லை. சரிபார்த்தவர்களுக்குக் கிடைத்த விடையோ தலைகீழாக இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். தம் போட்டதும் லேசாகிறது என்பவர் பொய் சொல்லவில்லை. எரிச்சல் அடங்குகிறது, சிதறிய கவனம் கூடுகிறது, பேச்சில் சூடு குறைகிறது. அதெல்லாம் வெறும் பிரமை என்று உபதேசம் செய்பவரை அவர் மதிக்காமல் போவதில் நியாயம் உண்டு. தணிந்தது எது என்பதுதான் கேள்வி. மேலாளர் காலையில் திட்டியதா, வீட்டுக் கடன் தவணையா, இல்லை கடைசிச் சிகரெட்டை அணைத்த பிறகு கழிந்த ஒன்றரை மணி நேரமா?

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், புகைப்பவரின் விடிகாலை போதும். ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் கடைசித் தம்மை முடித்துப் படுத்தவர் காலை 6 மணிக்கு எழுந்தால், அந்த 8 மணி நேரத்தில் அளவு நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்குக்கு வந்திருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஃபாகர்ஸ்ட்ராமின் பெயரில் வழங்கும் ஆறு கேள்விகளைக் கொண்ட ஒரு சோதனை உண்டு. நிகோடின் பிடியின் இறுக்கத்தை அளக்க உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது. அதில் அதிக மதிப்பெண் தரும் கேள்விகளில் ஒன்று, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. இன்னொரு கேள்வி, எந்தச் சிகரெட்டை விடுவது மிகக் கடினம் என்பது. காலையின் முதல் சிகரெட் என்று சொல்பவருக்குத்தான் மதிப்பெண்.

காலை 6 மணிக்கு யார் திட்டினார்கள்? அலுவலகம் திறக்கவில்லை, கடன்காரர் அழைக்கவில்லை, பிள்ளைகள்கூட எழவில்லை. இரவு முழுக்கத் தூங்கி ஓய்ந்த உடம்பு அது. டென்ஷனுக்குத்தான் புகை என்றால் மிக அருமையான தம், நாளெல்லாம் இடிபட்டு வீடு திரும்பும் வழியில் போடுவதாக இருக்க வேண்டும். ஆனால் அது, எதுவுமே நடக்காத விடியலில் போடுவதாக இருக்கிறது.

நடப்பது இதுதான். உள்ளிழுத்த புகையிலிருந்து நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது; ஊசி மருந்துகூட இந்த வேகத்தில் போவது அபூர்வம். நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்கென்று மூளையில் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகையில் நிகோடினும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்து அமைந்தது அந்த ஏற்பி. ஆல்ஃபா-4, பீட்டா-2 என்ற துண்டுகளால் ஆன வகைக்கு நிகோடின் மேல் தனிப் பற்று. பீட்டா-2 துண்டு இல்லாமல் வளர்த்த எலிகள் நிகோடினைத் தேடிப் போவதில்லை என்று 1998இல் காட்டினார்கள். நடுமூளையின் அடிப்பகுதியில் இந்த ஏற்பிகள் தூண்டப்பட்டால் அங்கிருந்து நீளும் நரம்பிழைகள் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற பகுதியில் டோபமைனைச் சுரக்கின்றன. இத்தாலியின் காலியாரி பல்கலைக்கழகத்தில் டி கியாராவும் இம்பெராட்டோவும் 1988இல் எலி மூளையில் இதை நேரடியாக அளந்தார்கள். மது, ஓப்பியம், கொக்கெய்ன் எல்லாம் சுரப்பைக் கூட்டிய அதே இடத்தில் நிகோடினும் கூட்டியது.

டோபமைன் என்றதும் பத்திரிகைகள் இன்ப ரசாயனம் என்று எழுதிவிடுகின்றன. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. வாழ்க்கையின் முதல் தம்மை நினைத்துப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலோர் இருமல், தலைசுற்றல், குமட்டல் என்றுதான் சொல்வார்கள். இன்பம் அங்கே எங்கே இருந்தது? டோபமைன் செய்யும் முக்கிய வேலை, 'இது முக்கியம், இதை மறுபடி செய்' என்று மூளைக்கு முத்திரை குத்துவது. பிடித்திருப்பது வேறு, வேண்டியிருப்பது வேறு என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் பல ஆண்டுகளாக வாதிடுகிறார். நீண்ட காலம் புகைப்பவரிடம் கேளுங்கள். இன்று பிடித்த பதினைந்தில் எத்தனை ருசித்தது என்றால் ஒன்றோ இரண்டோ என்பார். மீதியெல்லாம் கை தானாகப் போய் எடுத்தவை. டீக்கடைக் கண்ணாடிக் கிளாஸ், சாப்பிட்டு முடித்த இலை, பேருந்து தாமதம், அலைபேசி மணி என ஒவ்வொன்றின் மேலும் அந்த முத்திரை விழுந்திருக்கிறது. மேலாளரின் குரல் மேலும் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டதும் சட்டைப்பைக்குக் கை போனால், மூளை தன் கவலைக்கு மருந்து தேடுகிறது என்று பொருளில்லை. மணியடித்ததும் எச்சில் ஊறும் பழக்கம்தான் அது.

மூளை சும்மாவும் இருப்பதில்லை. நிகோடின் ஓயாமல் வந்து உட்கார்ந்தால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மரத்ததை ஈடுகட்ட எண்ணிக்கை கூடுகிறது. இறந்த புகைப்பவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது மற்றவர்களைவிட அதிக ஏற்பிகள் இருந்தது 1980களிலேயே தெரிந்துவிட்டது. ஆர்தர் பிராடியும் குழுவினரும் 2006இல் கலிஃபோர்னியாவில் செய்த ஸ்கேன் ஆய்வில், ஓரிரு இழுப்பிலேயே ஆல்ஃபா-4 பீட்டா-2 ஏற்பிகளில் பாதி நிரம்பிவிட்டன, ஒரு முழுச் சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கும் மேல் நிரம்பின. வேட்கை அடங்குவதற்கு ஏறக்குறைய எல்லாமே நிரம்ப வேண்டியிருந்தது. காலியாகக் கிடக்கும், எண்ணிக்கையிலும் கூடிப்போன இந்த ஏற்பிகள்தான் அடுத்த தம்முக்காக நச்சரிப்பவை.

அந்த நச்சரிப்பு எப்படி உணரப்படுகிறது? நிகோடின் விலகலின் அறிகுறிகளை எந்த மனநல மருத்துவக் கையேட்டில் வேண்டுமானாலும் பாருங்கள்: எரிச்சல், கோபம், பதற்றம், நிலைகொள்ளாமை, கவனச் சிதறல், மனத் தளர்ச்சி. நம் ஊரில் இத்தனைக்கும் சேர்த்து வழங்கும் பெயர் டென்ஷன். கடைசித் தம்முக்குப் பின் சில மணி நேரத்துக்குள் இது தலைதூக்கத் தொடங்கும். அது நிகோடின் குறைவதால் வருகிறதா, வாழ்க்கையால் வருகிறதா என்று உள்ளிருந்து பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. எதிரே வாழ்க்கை எப்போதும் ஏதாவது ஒரு காரணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பழி அதன் மேல் விழுகிறது, புகழ் சிகரெட்டுக்குப் போகிறது. கந்துவட்டிக்காரன் தவணை கட்ட மறுபடி கடன் கொடுத்தால், ஆபத்துக்கு உதவிய மனுஷன் என்று அவனையே கும்பிடுவதைப் போன்றது இது.

1998இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் நடந்த ஒரு சோதனை இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. எலியின் மூளையில் ஒரு மெல்லிய மின்கம்பி. தானே இயக்கித் தனக்கு மின்தூண்டல் கொடுத்துக்கொள்ள எலிக்குத் தெரியும். எவ்வளவு குறைந்த மின்சாரத்துக்கு எலி மகிழ்கிறது என்பதை வைத்து அதன் வெகுமதி அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கணிக்கலாம். எலிகளுக்குச் சில நாள் தொடர்ந்து நிகோடின் கொடுத்து, பிறகு நிறுத்தினார்கள். முன்பு போதுமாக இருந்த மின்சாரம் போதவில்லை. அதே திருப்திக்கு அதிகம் வேண்டியிருந்தது. இந்த வறட்சி பல நாள் நீடித்தது. எலிக்கு மேலாளர் இல்லை, இ.எம்.ஐ. இல்லை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இல்லை. நிகோடின் வந்து போனது மட்டும்தான் அதன் வாழ்க்கையில் நடந்தது.

உடம்பு என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம், இது ஒரு நிமிட வேலை. நிகோடின் ஒரு கிளர்ச்சியூட்டி. அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. ஒரு சிகரெட்டுக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 10, 15 வரை ஏறலாம். ரத்த அழுத்தமும் ஏறுகிறது. அமைதியானதாக ஒருவர் சொல்லும் அதே நேரத்தில் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தால் அது ஓடிக்கொண்டிருக்கும்.

மனிதர்களிடம் இது ஒத்துப்போகிறதா? பிரிட்டனின் உளவியலாளர் ஆன்டி பாரட், சிகரெட்டே மன அழுத்தத்துக்குக் காரணமா என்ற கேள்வியை 1999இல் ஒரு முக்கிய உளவியல் இதழில் நேரடியாகப் போட்டார். புகைப்பவர்களின் சராசரி அழுத்தம் புகைக்காதவர்களைவிடச் சற்று அதிகம். இளவயதினர் தொடர்ந்து புகைக்கத் தொடங்கும்போது அழுத்தம் கூடுகிறது. விட்டவர்களுக்குக் குறைகிறது என்பது அவர் திரட்டிய சான்றுகளின் சாரம். தம் போட்ட சில நிமிடம் புகைப்பவர் எட்டுவது, புகைக்காதவர் நாளெல்லாம் சும்மா இருக்கும் நிலையைத்தான். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜெம்மா டெய்லரும் மற்றவர்களும் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, அழுத்தம் மூன்றும் தொடர்ந்தவர்களைவிடக் குறைந்திருந்தன. அந்தக் குறைவு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகள் காட்டும் பலனுக்கு இணையானது அல்லது அதைவிடப் பெரியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் 102 ஆய்வுகளைத் திரட்டியபோதும் திசை மாறவில்லை.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் குறுக்கிடுவார். வாழ்க்கை சீரானவர்களால்தானே விட முடிந்திருக்கும், அதனால்தான் அவர்கள் டென்ஷன் குறைந்ததாகத் தெரிகிறது என்பார். நியாயமான ஆட்சேபம். நிம்மதி வந்ததால் விட்டார்களா, விட்டதால் நிம்மதி வந்ததா என்பதை இத்தகைய ஆய்வுகள் முழுமையாகப் பிரித்துவிடாது. ஆனால் லண்டனில் பீட்டர் ஹாயெக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாரடைப்புக்கோ இதய பைபாஸ் அறுவைக்கோ மருத்துவமனையில் சேர்ந்த 469 புகைப்பவர்கள். இதைவிட டென்ஷனான காலம் ஒரு மனிதருக்கு வருமா? சிகரெட் தங்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, விட்டவர்களுக்கு அழுத்தம் தெளிவாக இறங்கியிருந்தது. தொடர்ந்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. எதிர்த்தரப்பின் கொள்கை சரியென்றால் விட்டவர்களின் ஊன்றுகோலைப் பறித்துவிட்டோம், அவர்கள் விழுந்திருக்க வேண்டும். ஒரு மருந்தை நிறுத்தினால் நோய் கூடுவதுதான் வழக்கம். இங்கே நிறுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாகத் தேறுகிறார்கள் என்றால் அதை மருந்து என்று எந்த வாயால் சொல்வது?

ஆக, இந்த நம்பிக்கை இவ்வளவு ஊன்றியது எப்படி? அனுபவம் அதற்குப் பாதிக் காரணம். மற்ற பாதி பணம். மன அழுத்தம் என்ற கருத்தை நவீன மருத்துவத்தில் நிலைநாட்டியவர் ஹான்ஸ் செல்யே. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1990களின் இறுதியில் அமெரிக்க வழக்குகளின் விளைவாகப் புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளிவந்தன. செல்யேவின் ஆய்வுகளுக்கு அந்த நிறுவனங்கள் பணம் கொடுத்தது அவற்றில் இருந்தது: 1969இலிருந்து மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 50,000 டாலர். அழுத்தத்தைச் சமாளிக்கப் புகைபிடித்தல் உதவுகிறது என்று அதே ஆண்டு கனடா நாடாளுமன்றக் குழு முன் அவர் பேசினார். பணத்தைப் பற்றி வெளியில் சொல்லவில்லை. அழுத்தம் என்ற கருத்தே போலி என்று இதற்குப் பொருளில்லை. செல்யே பெரிய விஞ்ஞானிதான். ஆனால் நோய்க்குக் காரணம் சிகரெட் இல்லை, அழுத்தம்; சிகரெட்டோ அழுத்தத்துக்கு மருந்து என்ற இரட்டை வாதம் நிறுவனங்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். நிகோடின் அடிமைப்படுத்தும் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் 1988இலேயே அறிக்கை வெளியிட்ட பிறகும், 1994 ஏப்ரலில் ஏழு பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்துவிட்டு, அப்படித் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். நம் டீக்கடை வாசலில் ஒருவர் தன் சொந்த அனுபவமாகச் சொல்லும் வாக்கியம், வேறு சிலருக்கு விளம்பரச் செலவாக இருந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு, இது நம் வீட்டுக் கணக்கு. 2016-17இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்த ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைத்தார்கள். பெண்களில் 2 சதவீதம். மெல்லும் புகையிலையைச் சேர்த்துக்கொண்டாலும் ஆண்கள்தான் வெகுவாக முந்தினார்கள். டென்ஷன் மனிதரைப் புகைக்குத் தள்ளுகிறது என்ற விதி உண்மையானால், குடும்பச் செலவையும் மாமியாரையும் அலுவலகத்தையும் பிள்ளைகளின் பரீட்சையையும் ஒருசேரத் தாங்கும் பெண்களுக்கு ஆண்களில் பத்தில் ஒரு பங்கு டென்ஷன்தான் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டிவரும். அதைச் சொல்லும் துணிச்சல் உள்ளவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். யார் கையில் சிகரெட் வருகிறது என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது. வந்த பிறகு அது போகாமல் பார்த்துக்கொள்வது ஏற்பி.

இந்தத் தவறான நம்பிக்கையால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் மனநோயாளிகள். பாவம், அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அது என்று உறவினரும் சிகிச்சையாளரும் விட்டுவிடுகிறார்கள். 2016இல் லான்செட் இதழில் வெளிவந்த ஈகிள்ஸ் ஆய்வில் 8,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பாதிப்பேர் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள். புகையை விடத் தரும் மருந்துகளான வரெனிக்லினும் புப்ரோப்பியானும், வெற்று மாத்திரையோடும் நிகோடின் ஒட்டுப்பட்டையோடும் ஒப்பிட்டால், கடுமையான மனநலப் பக்கவிளைவுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் குளோசபைன், ஒலன்சபைன் போன்ற மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தினால் அவற்றின் அளவு ரத்தத்தில் ஏறும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். இது மருத்துவர் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். விடாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

விடுகிறவருக்கு முதல் வாரம் நரகம் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. விலகல் அறிகுறிகள் முதல் சில நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணிகின்றன. கூடிப்போன ஏற்பிகள் பழைய அளவுக்கு இறங்க 6 முதல் 12 வாரம் ஆகிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. பலர் தோற்பது மூன்றாம் நாளில். பிள்ளை மேல் எரிந்து விழுகிறார், மனைவியிடம் சண்டை போடுகிறார், பிறகு 'எனக்கு இது இல்லாமல் முடியாது, என் சுபாவம் அப்படி' என்று கடைக்குப் போகிறார். வீட்டாரே, "நீங்க பிடிச்சே தொலைங்க" என்று காசு கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. நிகோடின் இல்லாதபோது தெரிந்ததை அவர் தன் உண்மை முகம் என்று எடுத்துக்கொள்கிறார். உண்மை முகம் மூன்றாவது மாதத்தில்தான் தெரியும்; அதுவரை யாரும் அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை. நிகோடின் ஒட்டுப்பட்டையோ சூயிங் கம்மோ இந்த இடைவெளியைத் தாண்ட உதவும். அவையும் நிகோடின்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் மெதுவாக வருகிறது. பத்து நொடியில் மூளையில் முத்திரை குத்தும் அந்த வேகம் அதற்கு இல்லை.

ஆகவே டென்ஷன் குறையட்டும், அப்புறம் விடலாம் என்று சொல்லும் மருத்துவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஒருவர் எதிரே உட்கார்ந்து, வேலையில் பிரஷர், வீட்டில் பிரச்சினை, அதனால்தான் சார் என்று ஆரம்பித்தால், பிரச்சினை என்னவென்று விசாரிப்பதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள்: கடைசித் தம் எத்தனை மணிக்கு?